குறட்டை மெஷின் பரண்ல தூங்குதா? மாட்டிப் பழகினவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க!

ராமநாதபுரம்: குறட்டை விட்டு தூங்குகிறவரைப் பார்த்தால் "கொடுத்து வச்ச மனுஷன், என்னமா தூங்குறார் பாரு" என்று சொல்வது நம்ம ஊர் வழக்கம். ஆனால் அந்த குறட்டை நடுவில் பட்டென்று நின்று, பத்து பதினைந்து விநாடி சத்தமே இல்லாமல் போய், அப்புறம் ஒரு திணறலோடு மறுபடி கிளம்பினால் அது நல்ல தூக்கம் இல்லை. மூச்சு அடைப்பு. டாக்டர்கள் இதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள்.

இதற்கு மெஷின் இருக்கிறது. கடன் வாங்கியாவது அதை வாங்கியும் விடுகிறார்கள். வாங்கிய பிறகு நடப்பதுதான் வேதனை. பத்து நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஒத்து வராது" என்று பரணில் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம். அப்படி மனசு விட்டுப்போனவர்களை மறுபடி மெஷின் பக்கம் திருப்ப டாக்டர் பேச்சு மட்டும் போதவில்லை. அதே மெஷினை மாட்டி, அதே அவஸ்தைப்பட்டு, அப்புறம் பழகிக்கொண்ட இன்னொரு நோயாளி சொன்னால் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் இதையே ஒரு முறையாக நடத்திப் பார்த்து பலனும் கண்டிருக்கிறார்கள்.

மங்கைக்கு மட்டும் தெரிந்த ரகசியம்

ராமநாதபுரத்தில் இருந்து சுமார் 18 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் குடியிருக்கும் மங்களநாதர் கோவிலால் ஊர் உலகமெல்லாம் பிரபலம். உத்தரம் என்றால் உபதேசம், கோசம் என்றால் ரகசியம், மங்கை என்றால் அம்பாள். அம்பாளுக்கு ஈசன் வேத ரகசியத்தை சொன்ன இடம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்.

குறட்டை விஷயத்தில் கதை தலைகீழ். இங்கே ரகசியம் மங்கைக்குத்தான் முதலில் தெரியும். மூச்சு நின்றவருக்கு அது தெரியவே தெரியாது. "என்னங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சே நின்னு போச்சு, நான் தட்டி எழுப்பினேன்" என்று மனைவி சொன்னால், "சும்மா இருடி, அசந்து தூங்கினேன்" என்று அடக்கி விடுகிறார்கள். அந்த அம்மா சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னாலே பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி. ஆஸ்பத்திரிக்கு போகும்போது பக்கத்தில் படுக்கிறவரையும் கூட்டிப்போக சொல்வது இதனால்தான்.

நடப்பது என்ன? தூங்கும்போது தொண்டை தசைகள் தளர்கின்றன. நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்பக்கம் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. காற்று உள்ளே போகாததால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை பதறி உடம்பை உலுக்கி விடுகிறது. ஒரு திணறல், மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம். காலையில் எழுந்தால் எதுவும் ஞாபகம் இருக்காது. தலைவலியும், வாய் வறட்சியும், "எவ்வளவு தூங்கினாலும் பத்தலையே" என்ற அலுப்பும்தான் மிச்சம்.

பத்து விநாடிக்கு குறையாமல் மூச்சு நின்றாலோ, ரொம்பவும் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-ஐ தாண்டினால் கடுமை. மணிக்கு 30 தடவை என்றால் 7 மணி நேர தூக்கத்தில் 210 தடவை. ஒரு மனிதனை ராத்திரியில் 210 முறை கழுத்தைப் பிடித்து விட்டால் மறுநாள் அவன் எப்படி வேலை பார்ப்பான்?

இந்தியாவில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்த தொல்லை இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு கணக்கு சொல்கிறது. பெண்களை விட ஆண்களுக்கு அதிகம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடுகிறது.

'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசை அமைத்த பப்பி லஹிரி 2022-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி மும்பையில் இறந்தபோது, டாக்டர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது இந்த தூக்க மூச்சடைப்புதான். குறட்டையை காமெடி காட்சியாக மட்டுமே பார்த்த பலர் அன்றைக்குத்தான் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் கவனம்

இது பணக்கார வியாதி, குண்டானவர்கள் வியாதி என்று நினைத்தால் தப்பு. உடல் பருமன் ஒரு காரணம்தான். தாடை அமைப்பு, பெரிய டான்சில், தடித்த கழுத்து, மூக்கடைப்பு, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. ஆண்களுக்கு கழுத்து சுற்றளவு 17 அங்குலத்துக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு அளவுகோல். சட்டை காலர் பட்டன் போட முடியாதவர்கள் யோசிக்கலாம்.

எத்தனை மாத்திரை போட்டாலும் பிரஷர் இறங்க மாட்டேன் என்கிறதா? அதற்குப் பின்னாலும் இந்த மூச்சடைப்பு ஒளிந்திருக்கலாம். மாரடைப்பு, பக்கவாதம், இதயத்துடிப்பு கோளாறு ஆகியவற்றோடும் இதற்கு தொடர்பு இருக்கிறது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். வருகிற தன்னார்வலர் அக்காவிடம் "ராத்திரி மூச்சு நிக்குதாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் விட பெரிய ஆபத்து ரோட்டில். இந்த நோய் உள்ள டிரைவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட சுமார் இரண்டு மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ராமேசுவரம், உத்தரகோசமங்கை, ஏர்வாடி என்று வேனிலும் பஸ்சிலும் ராப்பகலாக பக்தர்கள் வந்து போகும் மாவட்டம் இது. கிழக்கு கடற்கரை சாலை நேர்கோடாக நீண்டு கிடக்கிறது. விடியற்காலை கடல்காற்று முகத்தில் அடித்தால் நல்லா தூங்கினவருக்கே கண் சொக்கும். 210 தடவை மூச்சு நின்று எழுந்தவரை சொல்லவா வேண்டும்? டிரைவர் அண்ணன் டீ குடித்து சமாளிக்கிறார். டீ விழிக்க வைக்குமே தவிர மூச்சுப் பாதையை திறக்காது.

சிட்னி கட்டிடத் தொழிலாளி

1980-க்கு முன்பு இதற்கு உறுதியான வைத்தியம் ஒன்றுதான். கழுத்தில் துளை போட்டு குழாய் வைப்பது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்த டாக்டர் காலின் சல்லிவன் அந்த ஆண்டு வேறு வழி ஒன்றை முயன்றார். மூச்சுப் பாதை சரிந்து ஒட்டிக்கொள்கிறது என்றால், காற்றை உள்ளே தள்ளி விரித்து வைத்தால் என்ன? டியூப்புக்குள் காற்று இருந்தால் அது ஒட்டாமல் உப்பி நிற்கிற மாதிரி.

கழுத்தில் துளை போட சம்மதிக்காத ஒரு கட்டிடத் தொழிலாளிதான் இந்த சோதனைக்கு முதல் ஆளாக வந்தார். அன்று ராத்திரி அவர் மூச்சு நிற்காமல் தூங்கினார். 1981-ல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அப்போதைய மெஷின்கள் வாக்குவம் கிளீனர் மோட்டார் போட்டு செய்தவை. சத்தம் காதைப் பிளக்கும். மூக்கு மாஸ்க்கை தினமும் ராத்திரி பசை போட்டு ஒட்ட வேண்டும், காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டு வீட்டில் மாட்டித் தூங்கியவர்கள் இருந்தார்கள்.

இன்றைய சி-பேப் மெஷின் டிபன் பாக்ஸ் அளவுதான். சத்தமும் மின்விசிறியை விட குறைவு. விலை சுமார் 30 ஆயிரம் ரூபாயில் தொடங்கி மேலே போகிறது. மாஸ்க், டியூப், பில்டர் செலவு தனி. முன்னாள் ராணுவத்தினருக்கு இ.சி.எச்.எஸ். திட்டத்தில் சிறப்பு டாக்டர் பரிந்துரையுடன் மெஷின் பெற வழி இருக்கிறது. முன்னாள் ராணுவ வீரர்கள் அதிகம் உள்ள இந்த மாவட்டத்தில் பலருக்கு இந்த விஷயம் தெரியாது.

பரணுக்கு போவது ஏன்?

ராத்திரிக்கு 4 மணி நேரமாவது மாட்டினால்தான் 'ஒழுங்காக பயன்படுத்துகிறார்' என்று கணக்கு. அந்த கணக்கில் 100-க்கு 46 முதல் 83 பேர் வரை தேறவில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை சொல்கிறது. தொடர்ந்து மாட்டுவாரா, விட்டு விடுவாரா என்பது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்து விடுகிறது. அந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் நோயாளி தனியாக இருக்கிறார். டாக்டரை அடுத்து பார்ப்பது ஒரு மாதம் கழித்து.

காரணம் கேட்டால் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. முகத்தில் எதையோ கட்டியது போல மூச்சு முட்டுகிறது. வாய் காய்கிறது. மூக்கு மேல் தழும்பு விழுகிறது. காற்று கண்ணில் அடிக்கிறது. வயிறு உப்புகிறது. இதோடு ஒரு வெட்கம். பேரப்பிள்ளை "தாத்தா யானை மாதிரி இருக்கார்" என்று சிரிக்கும். கல்யாண வீட்டில் பத்து பேரோடு படுக்கும்போது அதை எப்படி எடுப்பது? புதுசா கல்யாணமான பையன் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல கூச்சம். கூட்டம் வேறு. ஆனால் இன்னொரு நோயாளியிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே சொல்லி விடலாம். "அண்ணே, எனக்கும் முதல் வாரம் கழட்டி வீசணும்னுதான் இருந்துச்சு. பகல்ல டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் சும்மா மாட்டிட்டு உட்காருங்க. நாலு நாள்ல பழகிரும்" என்று அவர் சொன்னால் அதில் ஒரு நம்பிக்கை வருகிறது. கண் முன்னால் நன்றாக நடமாடும் ஆள் சொல்கிறார் அல்லவா?

ஊர் ஊராக கூட்டம்

அமெரிக்காவில் 1990-ல் தொடங்கிய ஸ்லீப் அப்னியா சங்கம், 'அவேக்' என்ற பெயரில் ஊர் ஊராக நோயாளிகள் கூட்டங்களுக்கு துணை நின்றது. அவேக் என்றால் விழித்திருப்பது. பகலில் தூங்கி வழிந்தவர்கள் வைத்துக்கொண்ட பெயர், பொருத்தம்தான். மாஸ்க்கை கையோடு கொண்டு வந்து காட்டுவார்கள், ஒருவர் பிரச்சினைக்கு இன்னொருவர் வழி சொல்வார். கணவரோ மனைவியோ கூட வருவார்கள்.

அரிசோனா மாகாணத்தில் டாக்டர் சாய்ராம் பார்த்தசாரதி குழுவினர் இதை ஒரு ஆய்வாகவே செய்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்ட சிலரை, மெஷினை நன்றாகப் பழகிய பழைய நோயாளிகளோடு ஜோடி சேர்த்து விட்டார்கள். நேரில் சில முறை, மற்றபடி போனில் பேச்சு. மூன்று மாதம் இப்படிப் போனது. துணை கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட அதிக நேரம் மெஷின் மாட்டினார்கள். 40 பேருக்கும் குறைவானவர்களை வைத்து நடத்திய சின்ன ஆய்வுதான். 

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. குடியை விட்டவர்கள் இன்னொருவரை விட வைக்க ஊர் ஊராக கூட்டம் நடத்துகிறார்கள். டயாலிசிஸ் வார்டில் பக்கத்து படுக்கைக்காரர்தான் பாதி வைத்தியம் சொல்லித் தருகிறார். குறட்டை நோய்க்கு மட்டும் அப்படி ஒரு வார்டு கிடையாது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், அவரவர் இருட்டில் மாட்டித் தூங்குவதால் ஒருவரை ஒருவர் தெரியாமலே இருக்கிறார்கள்.

துணைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

முதலில் நோயை உறுதி செய்ய வேண்டும். 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் பிரிவு அல்லது காது, மூக்கு, தொண்டை பிரிவு டாக்டரைப் பார்த்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். ராத்திரி முழுக்க ஒயர் மாட்டி படுக்க வைத்தும், வீட்டுக்கே சின்ன கருவி கொடுத்தும் தூக்கப் பரிசோதனை செய்கிறார்கள்.

பரிசோதனை முடிந்து மெஷின் எழுதித் தரும்போதே, "ஐயா, இதை ஏற்கனவே மாட்டுற நோயாளி யாராவது நம்ம பக்கம் இருந்தா, அவர்கிட்ட கேட்டுட்டு நம்பர் தாங்க" என்று டாக்டரிடம் கேட்கலாம். மெஷின் கொடுக்கும் கம்பெனி டெக்னீசியனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கீழக்கரையில் இத்தனை பேர், பரமக்குடியில் இத்தனை பேர் என்று விரல் விட்டு சொல்வார். சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் பேசி விடுவார். வளைகுடாவில் இருந்து மெஷின் வாங்கி வந்த கீழக்கரை காக்காமார்களுக்கும், இங்கே சர்வீஸ் தெரியாமல் தவிக்கும்போது இந்த அறிமுகம் உதவும்.

துணைக்கு வருகிறவர் வியாபாரியாக இருக்கக் கூடாது. தினமும் மாட்டுகிறவராக இருக்க வேண்டும். முதல் வாரம் தினமும் ஒரு போன், அப்புறம் வாரம் ஒரு போன் போதும்.

மீசையும் உப்புத் தண்ணீரும்

கம்பெனி புத்தகத்தில் இல்லாத விஷயங்கள் பழகியவர்களிடம்தான் கிடைக்கும். ராமநாதபுரம் மீசை சங்கதி அதில் ஒன்று. மீசை தடித்து இருந்தால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும். அதற்காக மீசையை எடுக்க மனசு வருமா? மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சின்ன வகை மாஸ்க் உண்டு. அதைக் கேட்டு வாங்கினால் மீசை தப்பிக்கும்.

மெஷினில் ஈரப்பதம் கொடுக்கும் தண்ணீர் தொட்டி இருக்கும். இந்த பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாக படிந்து தொட்டி பாழ். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். கடலோரக் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் தண்ணீர் தொட்டியே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. வாய் காயவில்லை என்றால் அது சரிதான்.

கரண்ட் போனால்? மூச்சு முட்டி செத்து விடுவோம் என்று பயப்பட வேண்டாம். மாஸ்க்கில் காற்று வெளியேற வழி இருக்கிறது. மெஷின் நின்றால் தூக்கம் கலையும், கழட்டி வைத்து விடலாம். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் தண்ணீர் சூடாக்கும் வசதியை அணைத்து விட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். கரிமூட்டம் போடும் பகுதியிலும் உப்பளம் பக்கமும் இருப்பவர்கள் பில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். கொசு வலைக்குள் டியூப்பை கொண்டு போக தலைமாட்டுப் பக்கம் மேலே தூக்கி கட்டினால் புரளும்போது இழுக்காது.

ராத்திரி கடலுக்கு போகும் மீனவர்களும், நைட் வாட்ச்மேன்களும் பகலில் தூங்குவார்கள். "ராத்திரி மாட்டுங்க" என்று டாக்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு பகலில் சும்மா தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போது தூங்கினாலும் மாட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. மத்தியான குட்டித் தூக்கத்துக்கும் சேர்த்து.

இதை மட்டும் கேட்காதீங்க

சக நோயாளி தைரியம் சொல்லலாம், பழக்கி விடலாம். காற்றழுத்த அளவை மட்டும் அவர் பேச்சைக் கேட்டு மாற்றக் கூடாது. அவருக்கு 8 என்றால் உங்களுக்கு 12 தேவைப்படலாம். அது டாக்டர் வேலை. மாஸ்க்கை இரவல் வாங்குவதும் கூடாது. தூக்க மாத்திரை, மது இரண்டும் தொண்டை தசையை மேலும் தளர்த்தி விடும் என்பதால் "ஒரு கட்டிங் போட்டா நல்லா தூக்கம் வரும் மச்சான்" என்கிற ஆளை துணைக்கு வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

இறந்து போனவரின் மெஷினை பாதி விலைக்கு தருகிறார்கள் என்று வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்று 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுவதும் பல லட்சம் மெஷின்களை திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த காலத்து மாடல் எங்காவது சுற்றிக் கொண்டிருக்கலாம். நம்பரை வைத்து விசாரித்து, டாக்டரிடம் காட்டி, அளவை மாற்றி, புது மாஸ்க் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மெஷின் எவ்வளவு முயன்றும் ஒத்து வராதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கிளிப், எடைக் குறைப்பு, சிலருக்கு ஆபரேஷன். மல்லாந்து படுத்தால் மட்டும் அடைக்கிறவர்களுக்கு ஒருக்களித்து படுப்பதே பெரிய உதவி.

ஆருத்ரா ராத்திரி

மார்கழி திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் நிற்க இடம் இருக்காது. வருடம் முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் மரகத நடராஜரை காப்பு களைந்த கோலத்தில் பார்க்க வருகிறவர்கள் ராத்திரி முழுக்க கோவிலிலேயே இருப்பார்கள். மெஷின் மாட்டுகிறவர்களும் தாராளமாக வரலாம். கண் விழிப்பதால் ஒரு நாள் மெஷின் விட்டுப் போவது பெரிய குற்றம் இல்லை. ஆனால் விடிந்ததும் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது. மண்டபத்தில் அசதியில் சாய்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஒருக்களித்து படுக்க வைக்க வேண்டும்.

தங்கும் விடுதியில் படுப்பவர்கள் மெஷினோடு ஒரு நீள ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்சும் எடுத்துப்போவது நல்லது. விடுதிகளில் பிளக் பாயின்ட் கட்டிலுக்கு எட்டாத மூலையில்தான் இருக்கும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மெஷினுக்குள் இருக்கும் சின்ன கார்டையும் கழட்டி எடுத்துப் போக வேண்டும். எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எவ்வளவு கசிந்தது, இன்னும் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று எல்லாம் அதில் பதிவாகி இருக்கும். மணிக்கு 5-க்கு கீழே இறங்கி இருந்தால் சிகிச்சை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.